மின்னலை கண்ட ஹெர்ட்ஸ்

இக்காலத்தில் இல்லங்கள் பலவற்றில் சிறு பெட்டி ஒன்று இடம் பெற்றுள்ளது. கூடத்தின் மூலையில் அமர்ந்து விளக்குகளை மினுக்கிக் கொண்டிருக்கும் அப்பெட்டியை ரூட்டர் என்பர். தெருவிலிருந்து கம்பி வழியாக வரும் இணையச் செய்தியை அஃது அலையாக மாற்றி வீடெங்கும் பரப்புகின்றது. மடிக்கணினி கம்பி ஏதுமின்றி அவ்வலையைப் பற்றிக் கொள்கின்றது. இதனை வைஃபை என வழங்குவர். கூடத்தில் நன்கு இயங்கிய கணினி அடுக்களையை அடுத்த அறைக்குச் சென்றதும் வாளா நிற்பதுண்டு. பாடம் கேட்டுக் கொண்டிருந்த மாணவன் பெட்டியைத் தட்டுகின்றான், கணினியை வைகின்றான், பத்து விசைகளை ஒருங்கே மாற்றிப் பார்க்கின்றான். குறை எங்குளது என்பது மட்டும் விளங்குவதில்லை.

இவ்விடர் புதியதன்று. 1888ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டுக் கார்ல்ஸ்ரூ நகரில், ஒரு கல்லூரியின் விரிவுரைக் கூடத்தில், முப்பத்தொரு வயதினர் ஒருவர் இதே இடரோடு போராடினார். அவரும் ஓர் அலையை அனுப்பினார். அவ்வலை சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் ஓய்ந்தும் போவதைக் கண்டார். இன்று ரூட்டர்களோடு வரும் அட்டையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் அளவுகள் அச்சிடப்பட்டுள்ளன அல்லவா? அவ்வளவின் பெயர் அவருடைய பெயரே.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் ஹாம்பர்க் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் குஸ்தாவ் ஹெர்ட்ஸ் வழக்கறிஞர். பிற்காலத்தில் அந்நகரத்து ஆட்சி மன்றத்திலும் வீற்றிருந்தவர். அவருடைய மக்கள் ஐவருள் ஹைன்ரிக் மூத்தவர். இளமையிலேயே அவருடைய அறிவு இருவேறு திசைகளில் ஓடியது. ஒருபால் மொழிகளில் ஆர்வம்; கிரேக்கத்தோடு அரபு மொழியையும் விரும்பிக் கற்றார். மற்றொருபால் கைத்தொழிலில் வேட்கை. வீட்டிலேயே கடைசல் எந்திரம் ஒன்றை அமைத்துக்கொண்டு மரத்தையும் உலோகத்தையும் கடைந்து கருவிகள் செய்தார். அவருக்குக் கடைசல் பயிற்றிய தொழிலாளி, தம் மாணாக்கர் பேராசிரியர் ஆயினார் என்று பின்னாளில் கேள்வியுற்றபோது, சிறந்த கடைசற்காரர் ஒருவரை உலகம் இழந்துவிட்டதே என்று வருந்தினாராம். அவ்வருத்தத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஹெர்ட்ஸின் பெருமையில் பாதி அக்கைத்திறத்தால் வந்ததே.

பொறியியல் பயில்வதென்று முதலில் துணிந்த அவர் பிராங்க்பர்ட்டு, டிரெஸ்டன் ஆகிய நகரங்களில் அத்துறையில் ஈடுபட்டார். ஓராண்டு படைப்பணியும் செய்தார். 1877ஆம் ஆண்டில் மியூனிக் நகரை அடைந்தபோது அவர் உள்ளம் தடுமாறியது. பொறியியல் நல்ல வாழ்வு தரும். ஆயினும் இயற்கையின் உண்மைகளை ஆராய்வதிலேயே அவருடைய மனம் தோய்ந்திருந்தது. தந்தையாருக்குத் திருமுகம் எழுதித் தம் கருத்தைத் தெரிவித்து, அவர் இசைவு பெற்ற பின்னரே இயற்பியலுக்கு மாறினார். அடுத்த ஆண்டில் பெர்லின் நகரம் சென்று, அந்நாளில் அறிவியல் உலகின் முடிமணியாய் விளங்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பாரிடம் மாணாக்கர் ஆனார்.

அக்காலத்து அறிஞரைப் பெரிதும் மயக்கிய வினா ஒன்றிருந்தது. ஆங்கில நாட்டில் பணியாற்றிய மாக்ஸ்வெல் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், மின்சாரமும் காந்தமும் வெட்டவெளியில் அலையாகப் பரவக்கூடும் என்றும், ஒளியும் அத்தகைய ஓர் அலையே என்றும் கணக்கினால் காட்டியிருந்தார். ஏட்டில் கண்ட அவ்வலையை நாட்டில் கண்டார் ஒருவரும் இலர். மாக்ஸ்வெல் கொள்கையின் ஒரு கூற்றைச் சோதனையால் மெய்ப்பிப்பார்க்குப் பரிசில் வழங்குவதாகப் பெர்லின் அறிவியற் கழகம் 1879ஆம் ஆண்டில் அறிவித்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் மாணாக்கரையே அதற்குத் தூண்டினார். ஹெர்ட்ஸ் கணக்கிட்டுப் பார்த்தார். அன்றிருந்த கருவிகளால் எழும் விளைவு கண்ணுக்குத் தோன்றாத அளவிற்கு நுண்ணியதாகும் என்பது தெளிவாயிற்று. எனவே அப்பணியை மேற்கொள்ளாது விடுத்தார். ஆசிரியர் காட்டிய வழியில் விரைந்து சென்று வீழ்வதினும், காலம் பார்த்து நிற்பதே அவருக்கு உகந்ததாயிற்று. ஆனால் அவ்வினா அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

1880ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்று, மூன்றாண்டுகள் ஹெல்ம்ஹோல்ட்ஸின் துணைவராய் இருந்து, பின்னர்க் கீல் நகரில் விரிவுரையாளராய் அமர்ந்தார். 1885ஆம் ஆண்டில் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவரைப் பேராசிரியராக ஏற்றது. அங்கே உடன் பணியாற்றிய ஒருவரின் மகளாகிய எலிசபெத்து டோல் என்னும் நங்கையை 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மணந்தார்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், மாணவர்க்குக் காட்டுவதற்காகக் கல்லூரியில் இருந்த கம்பிச் சுருள்கள் இரண்டை எடுத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். ஒரு சுருளில் மின்பொறி பாய்ந்தபோது, அதனோடு தொடர்பற்று நின்ற மற்றொரு சுருளின் இடைவெளியிலும் சிறுபொறி தோன்றியது. பிறராயின் ஏதோ கசிவு என்று கருதி அதனை நீக்கியிருப்பர். ஏழாண்டுகளாகக் காத்திருந்தவருக்கு அது வழிகாட்டும் விளக்காயிற்று.

ஹெர்ட்ஸ் தம் கையாலேயே கருவிகளை அமைத்தார். செம்புக் கம்பி ஒன்றின் இரு கோடிகளிலும் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துத்தநாக உருண்டைகளைப் பொருத்தினார். கம்பியின் நடுவே சிறு இடைவெளி விட்டார். தூண்டு சுருளின் விசையால் அவ்விடைவெளியில் பொறி பறந்தது. இதுவே அலையை எழுப்பும் கருவி. அலையைப் பெறும் கருவியோ அதனினும் எளிது. வட்டமாக வளைத்த கம்பி, அதில் மயிரிழை போன்ற பிளவு, அவ்வளவே. அலை வந்து தாக்கினால் அப்பிளவில் பொறி தோன்றும். அது மின்மினியின் ஒளிக்கும் தோற்கும் மெல்லிய பொறியாதலின், இருட்டறையில் நெடுநேரம் கண்ணைப் பழக்கிய பின்னரே காணலாகும். இன்று வீட்டிலுள்ள ரூட்டரும் மடிக்கணினியும் அவ்விரு கருவிகளின் வழித்தோன்றல்களே.

அப்பொறியைத் தெளிவாகக் காண விரும்பிப் பெறுங்கருவியை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார். இருள் மிகுந்தது, ஆனால் பொறி வளராமல் குன்றியது. இது வியப்பன்றோ? ஹெர்ட்ஸ் தம் பெரும்பணியை ஒதுக்கி வைத்துவிட்டு, இச்சிறு குறையின் காரணத்தைத் தேடலானார். பெட்டியின் பக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். இரு கருவிகளுக்கும் இடையே நின்ற பக்கமே பொறியைக் குன்றச் செய்கின்றது என்று கண்டார். அவ்விடத்தில் மரத்தை வைத்தார், உலோகத்தை வைத்தார், கண்ணாடியை வைத்தார், படிகக்கல்லை வைத்தார். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றினார், மற்றவற்றைத் தொடவில்லை. கண்ணாடி தடுத்தது, படிகக்கல் தடுக்கவில்லை. பெரும்பொறியிலிருந்து வரும் புற ஊதாக் கதிரே சிறுபொறி எழுவதற்குத் துணை செய்கின்றது என்பது இவ்வாறு புலனாயிற்று. 1887ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டுவிட்டுத் தம் பழைய பணிக்கு மீண்டார். ஒளி பட்டவிடத்து உலோகத்திலிருந்து மின்னணுக்கள் வெளிப்படும் செய்திக்கு அதுவே தோற்றுவாய். 1905ஆம் ஆண்டில் அதன் விளக்கத்தைக் கூறிய ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு அதன் பொருட்டே அளிக்கப்பட்டது. பெட்டியைத் தட்டி ஆராய்ந்திருந்தால் இது கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இனி, 1888ஆம் ஆண்டின் விரிவுரைக் கூடத்தைக் காண்போம். அது 15 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உடையது. பார்வைக்குப் பரந்த கூடமே; ஆனால் இரு வரிசையாக இரும்புத் தூண்கள் நின்றன. கண்ணுக்கு அவை தூண்கள். அலைக்கோ அவை சுவர்கள். ஆதலின் பயன்பட்ட அகலம் 8.5 மீட்டரே. கூரையிலிருந்து தொங்கிய வளிவிளக்குகளின் உலோகப் பகுதிகளை ஹெர்ட்ஸ் அகற்றச் செய்தார். கூடத்தின் ஒரு சுவரில் 4 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள துத்தநாகத் தகட்டைப் பதித்தார். அத்தகட்டில் மோதிய அலை மீண்டது. செல்லும் அலையும் மீளும் அலையும் எதிர்ப்பட்டன. அவை கூடிய இடத்தில் பொறி ஓங்கியது; ஒன்றையொன்று அழித்த இடத்தில் பொறி அவிந்தது. வட்டக் கம்பியைக் கையில் ஏந்திக்கொண்டு ஹெர்ட்ஸ் கூடத்தில் முன்னும் பின்னும் நடந்து, பொறி ஓங்கிய இடங்களையும் அவிந்த இடங்களையும் குறித்தார். அவற்றின் இடையளவினின்றும் அலையின் நீளம் 9.6 மீட்டர் எனக் கணித்தார். மாக்ஸ்வெல் ஏட்டில் கண்ட அலை கூடத்தில் அளக்கப்பட்டது.

அடுக்களையை அடுத்த அறையில் கணினி ஓய்ந்து நிற்கும் காரணமும் இதுவே. ரூட்டர் எழுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 240 கோடி முறை அதிர்வது. அதன் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். இரும்புப் பேழை, குளிர்ப்பெட்டி, நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு, சுவருள் மறைந்த இரும்புக் கம்பி ஆகியவற்றில் அது மோதி மீள்கின்றது. நேரே வரும் அலையும் மீண்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் கணினி அமைந்துவிட்டால், ரூட்டர் அருகிலிருந்தும் பயனில்லை. அத்தகைய இடத்தில் கணினியை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பதே முதல் மருந்து. சில சமயம் நான்கு விரற்கடை போதும். ரூட்டரை மூலையில் தரையோடு வைப்பதும், இரும்புப் பேழையின் பின் மறைப்பதும் பெரும்பிழை.

ஹெர்ட்ஸ் எதிர்பாராத இடர் மற்றொன்று இருந்தது. கம்பி வழியாகச் செல்லும் மின்னலையின் வேகத்தையும், வெளியில் செல்லும் அலையின் வேகத்தையும் அதே ஆண்டில் அவர் ஒப்பிட்டார். மாக்ஸ்வெல் கொள்கையின்படி இரண்டும் ஒன்றாதல் வேண்டும். ஹெர்ட்ஸுக்கோ கம்பியில் நொடிக்கு 2,00,000 கிலோமீட்டர் என்றும், வெளியில் 3,20,000 கிலோமீட்டர் என்றும் கிடைத்தது. தாம் மெய்ப்பிக்க விரும்பிய கொள்கைக்கே இது முரணாயிற்று. இம்முடிவை மறைத்திருந்தால் அறிவார் ஒருவரும் இலர். அவர் புகழுக்கும் ஊறில்லை. ஆயினும் கண்டதைக் கண்டவாறே வெளியிட்டார். மறைக்காதது மட்டுமன்று, குறை எங்குளது என்று பின்னும் தேடிக்கொண்டேயிருந்தார்.

குறை இரண்டிடத்தில் இருந்தது. ஒன்று கணக்கில். அலையின் அதிர்வு நேரத்தைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்திருந்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்காரே அதனை எடுத்துக் காட்டினார். ஹெர்ட்ஸ் நன்றியோடு ஒப்புக்கொண்டு, 1892ஆம் ஆண்டில் தம் கட்டுரைகளை நூலாகத் தொகுத்தபோது அப்பிழையையும் பதிவு செய்தார். திருத்திய பின் கம்பியின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கியது. ஆனால் இரண்டிற்கும் இடைப்பட்ட வேற்றுமை நீங்கவில்லை. மற்றொரு குறை கூடத்தில். ஏறத்தாழப் பத்து மீட்டர் நீளமுள்ள அலைக்கு அக்கூடம் மிகச் சிறியது. சுவர்களும் தூண்களும் அங்கிருந்த இரும்புக் கணப்பும் அலையைக் குழப்பின. குறுகிய அலைகளைக் கொண்டு அளந்தபோது அவ்வேற்றுமை அவருக்கே தோன்றவில்லை. பின்னர் 1893ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து அறிஞர்களாகிய சராசினும் தெ லா ரீவும் பரந்ததொரு கூடத்தில் 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் உயரமும் உள்ள தகட்டை நிறுத்தி அளந்து, இரு வேகமும் ஒன்றே என்று காட்டினர்.

கம்பியையும் வெளியையும் ஒப்பிடும் இம்முறையே மடிக்கணினியின் நோய் காண்பார்க்கும் உதவுவது. கணினியை ரூட்டரோடு ஒரு கம்பியால் நேரே இணைத்தல் வேண்டும். கம்பி வழியே இணையம் வருமாயின் குறை அலையில் உளது. கம்பி வழியேயும் வாராதாயின், குறை ரூட்டரிலோ தெருவிலிருந்து வரும் இணைப்பிலோ இருத்தல் கூடும்; அப்பொழுது ரூட்டரின் மின்விசையை நிறுத்திச் சிறிது பொறுத்து மீண்டும் செலுத்திப் பார்ப்பதும், இணைப்பு வழங்குவோர்க்குத் தெரிவிப்பதும் முறை. அதே இடத்தில் கைப்பேசி அலையைப் பெறக் கணினி மட்டும் பெறவில்லையாயின், குறை கணினியைச் சார்ந்தது. அதன் வைஃபை விசை அணைந்திருத்தலும் உண்டு. கடவுச்சொல்லில் ஓரெழுத்துப் பிறழ்ந்திருப்பினும் கதவு திறவாது. அலையில் குறையின்றிக் கணக்கில் குறையிருந்த ஹெர்ட்ஸின் நிலை போன்றது அது.

1888ஆம் ஆண்டின் இறுதியில் அவர் செய்த சோதனைகள் கண்டாரைக் களிப்பித்தன. 66 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை எழுப்பி, 2 மீட்டர் உயரமுள்ள துத்தநாகக் குழியாடிகள் இரண்டைச் செய்து, ஒன்றால் அலையைத் திரட்டி அனுப்பி மற்றொன்றால் ஏற்றார். அடைத்த மரக்கதவின் ஊடே அலை சென்றது. மூடிய அறையினுள் பொறி பிறந்தது. உலோகத் தகடு இடைப்பட்டால் பொறி மறைந்தது. உதவியாளர் ஒருவர் குறுக்கே நடந்தபோது பொறி அவிந்தது. அவர் கடந்ததும் மீண்டும் ஒளிர்ந்தது. மனித உடம்பே அலைக்கு மறைப்பாகும் என்பதை அக்கூடம் அன்றே கண்டது. பெறும் ஆடியைக் குறுக்காகத் திருப்பியபோது, இடையில் யாதொரு தடையும் இல்லாதிருந்தும், பொறி அற்றுப் போயிற்று, நிமிர்த்தியபோது மீண்டது. ரூட்டரின் கொம்புகளை மடக்கியும் நிமிர்த்தியும் பார்க்குமாறு அறிந்தோர் கூறுவது இதனாலேயே. பன்னூறு கிலோகிராம் எடையுள்ள கீலை வார்த்துப் பட்டகமாக்கி அவ்வலையை ஒளிபோல் வளைத்தும் காட்டினார். ஒளியும் மின்னலையும் ஓரினமே என்பதில் அதன்பின் எவர்க்கும் ஐயமில்லை.

அவர் அறியாத இடர்களும் இன்று உள. நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால், அடுக்களையில் அஃது எரியும்போது வைஃபை அலை கலங்குகின்றது. அண்டை வீட்டு ரூட்டர்கள் அதே அலைத்தடத்தில் பேசினால் சந்தை இரைச்சலில் பேச்சுப் போலாகும். தடத்தை மாற்றுதல் நன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இத்தொல்லை குறைவு. ஆயினும் சுவர்களைக் கடக்கும் வலிமையும் அதற்குக் குறைவு.

ஹெர்ட்ஸின் புகழ் பரவியது. 1889ஆம் ஆண்டில் பான் நகரப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1890ஆம் ஆண்டில் இலண்டன் அரசு கழகம் ரம்போர்டு பதக்கம் அளித்தது. இவ்வலையைத் தொலைபேசிக்குப் பயன்படுத்தலாகுமா என்று பொறியாளர் ஒருவர் திருமுகம் வாயிலாக வினவினார். பேச்சொலியின் அதிர்வுக்குரிய அலை பன்னூறு கிலோமீட்டர் நீளமாகும் என்றும், அதனை ஏற்கும் ஆடி ஒரு கண்டத்தின் அளவினதாதல் வேண்டும் என்றும் ஹெர்ட்ஸ் விடையிறுத்தார். கணக்கு மெய்யே, பேச்சை விரைந்த அலையின்மேல் ஏற்றி அனுப்பும் முறையை அவர் எண்ணவில்லை. 1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் ஜகதீச சந்திர போசு குறுகிய அலைகளால் சுவருக்கு அப்பால் மணியை ஒலிக்கச் செய்தார். 1901ஆம் ஆண்டில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்த குறிப்பைப் பெற்றார். இவ்விரண்டையும் காண ஹெர்ட்ஸ் இல்லை.

1892ஆம் ஆண்டில் அவரைக் கொடிய நோய் பற்றியது. மூக்கும் தாடையும் புண்பட்டன. அறுவை மருத்துவம் பலமுறை நிகழ்ந்தது. அந்நிலையிலும் இயக்கவியல் பற்றிய நூலை எழுதி முடித்தார். 1894ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள், முப்பத்தேழாம் வயது நிரம்புமுன், பான் நகரில் உயிர் நீத்தார். எலிசபெத்து அம்மையாரும் இளம் பெண்மக்கள் இருவரும் தனித்தனர். மாணாக்கரின் கடைசி நூலுக்கு முதிய ஆசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸே முன்னுரை எழுத நேர்ந்தது. அவரும் அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார்.

ஹெர்ட்ஸின் தந்தைவழி முன்னோர் யூதர். அது காரணமாக 1930களில், நாட்சி ஆட்சியின் கொடுமையால், அவருடைய துணைவியாரும் மக்களும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து புகுந்தனர். பிறந்த ஊராகிய ஹாம்பர்க்கின் மன்றத்திலிருந்து அவர் உருவப்படமும் அகற்றப்பட்டது. 1960ஆம் ஆண்டில் உலக நாடுகளின் எடை அளவுப் பொதுமாநாடு கூடி, நொடிக்கு ஓர் அதிர்வு என்னும் அளவிற்கு ஹெர்ட்ஸ் என்னும் பெயரை ஏற்றது.